பாட்டு கேட்கிறது, சம்சாரம் கேட்கவில்லை

போன வெள்ளிக்கிழமை ஒரு வாடிக்கையாளர் கடைக்கு வந்தார். அவருடைய பழைய பிக்கப் வண்டியில் நான்தான் புது ரேடியோ மாட்டிக் கொடுத்திருந்தேன். “எப்படிண்ணே பாடுது?” என்று கேட்டேன்.

“போடறதே இல்லீங்க அம்முணி” என்றார், வாயெல்லாம் பல்லாக.

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு முகம் சுருங்கிப் போயிருக்கும். ரேடியோ மாட்டுகிறவளிடம் வந்து ரேடியோ போடுவதில்லை என்று சொல்வது, சமைத்தவளிடம் வந்து நான் சாப்பிடவில்லை என்று சொல்வது மாதிரி இல்லையா? ஆனால் இவர் சொன்னபோது எனக்கு அன்றைக்கு முழுவதும் சந்தோஷம். அது ஏன் என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

புதிதாக இந்தப் பக்கத்தைத் திருப்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பாலக்காட்டுக் கடைவீதியில் எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஒரு ரேடியோ கடை. முன்பக்கம் அத்தா விற்கிறார். பின்பக்கம் நான் ரிப்பேர் பார்க்கிறேன். கோயமுத்தூரில் ரேடியோ டிப்ளமோ படித்தவள் நான். “ரிப்பேர்காரர் இல்லீங்களா?” என்று என் முகத்தைப் பார்த்தே கேட்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. “இல்லை... ரிப்பேர்காரிதான் இருக்கிறாள்” என்பேன்.

கார், லாரி வேலை வந்தால் துணைக்கு வேலாயுதேட்டன் வருவார். வண்டி எலக்ட்ரிக் வேலையில் அனுபவஸ்தர். மலையாளி. தமிழ் முழுக்கப் புரியும். ஆனால் பேச மாட்டார். எங்களுக்கும் மலையாளம் முழுக்கப் புரியும்; அவசியம் வந்தாலொழியப் பேச மாட்டோம். இந்த ஊரில் பாதி வியாபாரம் இப்படித்தான் நடக்கிறது — அவரவர் மொழியில் பேசி, அடுத்தவர் மொழியில் கேட்டு.

சரி, கதைக்கு வருகிறேன்.

நாச்சிமுத்து அண்ணன் எலப்புள்ளிப் பக்கத்து விவசாயி. நெல்லும் கடலையும் போடுகிறார். மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குக் கப்பல் ஏறும்போது விற்றுவிட்டுப் போன அமெரிக்க பிக்கப் அவருடையது. பின்னால் மூட்டை ஏற்றலாம், முன்னால் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். அந்த வண்டியில் ஒரு விசேஷம் — கம்பெனியிலேயே டாஷ்போர்டில் பதித்து அனுப்பிய ரேடியோ. இங்கே வண்டியில் ரேடியோ வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? அதுவும் வண்டியோடு பிறந்த ரேடியோ!

“இந்தப் பழசத் தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டிக் குடுங்க அம்முணி. கொழும்புப் பாட்டு வரோணும்” என்றார்.

வண்டி கடை வாசலில் நின்றது. முன் சீட்டில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். சின்ன வயசு. தெருவைப் பார்த்த முகம்.

என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். எந்த வேலையானாலும் முதலில் மனசுக்குள் வரிசை போட்டுக்கொள்வேன். பேட்டரி எத்தனை வோல்ட்? ஆறு. டாஷ்போர்டு ஓட்டை எவ்வளவு பெரிசு? புது செட்டை விடப் பெரிசு, தகடு வெட்டி அடைக்க வேண்டும். ஏரியல் இருக்கிறதா? இருக்கிறது, வளைந்திருக்கிறது. பழைய ரேடியோவுக்கு உயிர் இருக்கிறதா?

அதைப் பார்க்கத்தான் வேலாயுதேட்டன் வண்டிக்குள் தலையை விட்டிருந்தார். பழைய செட் இருமியது. கொஞ்ச நேரம் ஈ மாதிரி ரீங்காரம் போட்டது. பிறகு எங்கிருந்தோ ஒரு பாட்டு வந்தது. பாட்டு முடிந்து யாரோ பேச ஆரம்பித்தார்கள்... வாய் நிறையப் பஞ்சை அடைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது.

தலையை வெளியே எடுத்து அவர் தீர்ப்புச் சொன்னார்: “மோளே, பாட்டு கேக்காம். சம்சாரம் கேக்கிணில்ல.”

மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. பாட்டு கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை என்கிறார். தமிழில் சம்சாரம் என்றால் என்ன என்று நான் உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

நாச்சிமுத்து அண்ணன் ‘கெக்கே’ என்று சிரித்தார். “அந்த ரேடியோ பரவால்லீங்க ஏட்டா! என்ற ஊட்டுல பாட்டும் இல்ல... சம்சாரமும் கேக்கறதில்லீங்க!”

வேலாயுதேட்டனும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அண்ணனுடைய சிரிப்பு சட்டென்று வற்றிவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நெசமாத்தானுங்க சொல்றேன். மயிலாத்தா நல்ல புள்ளதான். கண்ணாலமான புதுசுல ஊடே கலகலன்னு இருந்துச்சு. போன மழைக்கு ஆனைகட்டியில காடு குத்தகைக்கு எடுத்து, ரெண்டு பேரும் அங்க போயித் தங்கினோமுங்க. அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்துருச்சு. பொழச்சதே பெரிசு. ஆனா ஊட்டுக்குத் திரும்பினதுல இருந்து ஆளே வேற. எங்கம்மா கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கறதில்ல. உப்பு எடுத்துட்டு வாடின்னா பருப்பு எடுத்துட்டு வர்றா. திட்டினா செவுத்தப் பாத்துட்டு நிக்கறா. சொன்னாக் கேக்கறதே இல்லீங்க.”

எனக்குச் சங்கடமாக இருந்தது. வண்டி எட்டடி தூரத்தில் நிற்கிறது. ஜன்னல் திறந்திருக்கிறது. “அண்ணே, மெதுவா... அவங்க காதுல விழப் போகுது.”

“விழட்டுமுங்க. அப்பவாவது ரோசம் வருதான்னு பாப்போம்.”

ரோசம் வரவில்லை. முன் சீட்டில் இருந்த முகம் அசையவே இல்லை.

“ஆனா ஒரு அதிசயமுங்க. வண்டில ஏறி உக்காந்துட்டா அவ வேற ஆளு. நா ஒண்ணு கேட்டா ரெண்டு பதில் சொல்லுவா. சிரிப்பா. வாளையார் போறதுக்குள்ள பத்துக் கதை சொல்லுவா. திரும்பி வந்து ஊட்டு வாசல்ல வண்டிய நிறுத்தினமுன்னா, என்ஜினோட சேந்து அவ வாயும் நின்னு போகுதுங்க. அப்ப ஆரு மேல கோவம்? எங்கம்மா மேலதானுங்களே?”

“அம்மா என்ன சொல்றாங்க?”

“மாரியம்மன் நோம்பி முடியட்டும், திமிரு புடிச்சவளக் கொண்டு போயி அவிய அப்பன் ஊட்டுல உட்டுட்டு வாடாங்குது. தெனமும் இதே பாட்டுத்தான்.” துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “அவளுக்குப் பாட்டுன்னா உசிருங்க. வண்டில பாட்டு ஓடுச்சுன்னா மனசு எளகி, எங்கிட்டவாவது என்னன்னு சொல்லுவாளோன்னு பாக்கறேன். நோம்பிக்கு முன்னால மாட்டிக் குடுத்துருங்க அம்முணி.”

கல்யாணத்துக்கு ரேடியோ வாங்குகிறார்கள், தேர்தல் செய்தி கேட்க வாங்குகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிவிட்டாரே என்று வாங்குகிறார்கள். மனைவியைத் திருப்பி அனுப்பாமல் இருக்க ரேடியோ வாங்க வந்தவரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பழைய செட்டைக் கழற்றினோம். ஸ்பீக்கர் காகிதம் மழைத் தண்ணீர் பட்டு ஊறிக் கனத்துப் போயிருந்தது. அப்படி ஆனால் மெல்லிய, கூர்மையான ஓசைகள் வெளியே வராது; தடித்த ஓசைகள் மட்டும் வரும். பாட்டுக்கு அது போதும் — மெட்டும் தாளமும் புரிந்துவிடும். பேச்சுக்குப் போதாது. ச, த, க எல்லாம் விளிம்பு மழுங்கி ஒன்றுபோலக் கேட்கும். போதாததற்கு, அந்த செட்டில் சிற்றலை கிடையாது. கொழும்பு ஸ்டேஷன் எந்த ஜன்மத்திலும் வராது. உதிரிக்கு ஆகும் என்று அதை அலமாரி மேல் வைத்தேன்.

புது செட்டை மாட்டுவது ஒரு நாள் வேலை என்று நினைத்தேன். டாஷ்போர்டு ஓட்டைக்கு வேலாயுதேட்டன் அலுமினியத் தகட்டை வெட்டினார்; ‘கல்யாணப் பெண்ணுக்கு மூக்குத்தி’ என்று மலையாளத்தில் சொல்லிச் சொல்லி அரம் போட்டார். தகடு அழகாக உட்கார்ந்தது. ஆனால் என்ஜினைக் கிளப்பினால் ரேடியோவில் பட்டாணி வறுக்கிற சத்தம்! பிளக்குகளுக்கு மின்தடை, டைனமோவுக்குக் கண்டன்ஸர், பானெட்டுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு எர்த் பட்டை என்று ஒவ்வொன்றாகப் போட்ட பிறகுதான் பட்டாணி நின்றது.

டெலிவரி எடுக்க இருவரும் வந்தார்கள். என்ஜினை நிறுத்தி வைத்துவிட்டு, மயிலாத்தாளை முன் சீட்டில் உட்கார வைத்து, ரேடியோவைத் திருப்பினேன். கொழும்பு வந்தது. கூட்டமாக, குதித்துக்கொண்டு, ஒரு கல்யாணப் பாட்டு.

மயிலாத்தாளின் விரல் வண்டிக் கதவில் தாளம் போட ஆரம்பித்தது. முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம். நாச்சிமுத்து அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார் — பலித்துவிட்டது என்று.

பாட்டு முடிந்தது. அறிவிப்பாளர் பேசினார். கண்ணாடித் துண்டு மாதிரி சுத்தமான குரல். யார் யார் விரும்பிக் கேட்டார்கள் என்று பெயர்களை வாசித்தார். தாளம் நின்றது. பிறகு அடுத்த பாட்டு, மறுபடி தாளம்.

மயிலாத்தாள் என் பக்கம் திரும்பினார். “பாட்டு ரொம்ப நல்லா இருக்குதுங்க அக்கா. நடுவால நடுவால என்னமோ முனகுதுங்களே... அத மட்டும் சரி பண்ணிப் போடுங்க.”

வேலாயுதேட்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. “எந்து முனகல்? மணிமணியாயிட்டு கேக்காமல்லோ!”

“பாத்தீங்களா அம்முணி?” நாச்சிமுத்து அண்ணன் கையை விரித்தார். “இத்தன பாடுபட்டு மாட்டினா அதுலயும் ஒரு நொட்டை. இப்படித்தானுங்க ஊட்லயும்.”

என் கண் அலமாரி மேல் இருந்த பழைய ரேடியோவுக்குப் போயிற்று. பாட்டு கேட்கிறது, பேச்சு முனகுகிறது... இதே குறையை நான் போன வாரம்தான் பார்த்தேன். அது ரேடியோவில் இருந்தது. இன்றைக்கு ரேடியோ புதுசு.

மயிலாத்தாளுக்கு முதுகுப் பக்கமாகப் போய் நின்று, “தண்ணி குடிக்கிறீங்களா?” என்றேன். அசைவில்லை. சுற்றி வந்து முகத்துக்கு நேராக நின்றேன். இந்த முறை குரலே இல்லாமல், வாயை மட்டும் அசைத்துக் கேட்டேன் — தண்ணி குடிக்கிறீங்களா?

“வேண்டாங்க அக்கா. இப்பத்தான் குடிச்சேன்” என்றார்.

நான் கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொல்லிவிட்டார்.

“அண்ணே, ஏட்டனைக் கூட்டிட்டுப் போய் டீ குடிச்சிட்டு வாங்க. ஒரு சின்ன வேலை பாக்கி” என்று ஆண்கள் இருவரையும் அனுப்பினேன். ரேடியோவை நிறுத்தினேன். மயிலாத்தாளின் முன்னால், வெளிச்சம் என் முகத்தில் விழும்படி உட்கார்ந்தேன்.

“எப்போதிருந்து கேட்கலை?”

அந்தப் பெண்ணின் முகம் வெளிறிய விதத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி இருபுறமும் பார்த்தார்.

“ஆருகிட்டயும் சொல்லிப் போடாதீங்க அக்கா.”

பிறகு மெதுவாக வந்தது. ஆனைகட்டிக் காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து, அதுதான் குவினைன், கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சல் இறங்கியது. காதுக்குள் சில்வண்டு கத்த ஆரம்பித்தது. “ஒரு நா அந்தச் சத்தம் கொறஞ்சுதுங்க. அப்பாடான்னு பாத்தா, போறப்போ மத்தச் சத்தத்தையும் கூடவே கூட்டிட்டுப் போயிருச்சு. மாடு கத்தறது கேக்குது. ஒலக்கை இடிக்கறது கேக்குது. மனுசங்க பேசறது மட்டும் மொணமொணன்னு... அத்தெ முன்னால நின்னு மூஞ்சியப் பாக்க முடியுங்களா? தலையக் குனிஞ்சுட்டுத்தான நிக்கோணும்? அவிய என்ன கேட்டாங்கன்னு நானா நெனச்சுக்கிட்டு எதையாச்சும் எடுத்துக் குடுத்துருவேன்.”

“வண்டியில மட்டும் நல்லாப் பேசறீங்களாமே?”

முதல் தடவையாகச் சிரித்தார். “வண்டிச் சத்தத்துக்கு மாமன் கத்தித்தான பேசுவாரு! அங்க மட்டுந்தானுங்க அவரு பேசறது எனக்கு முழுசாக் கெடைக்குது.”

அந்த மனிதர், வண்டியில் அவருடைய குரல் போதாது என்று நினைத்து அல்லவா ரேடியோ வாங்கியிருக்கிறார்!

“ஏன் அவர்கிட்டச் சொல்லலை?”

“திமிரு புடிச்சவன்னா ஊட்டுல வெச்சுத் திட்டுவாங்க அக்கா. செவிடின்னா வெச்சுக்குவாங்களா?”

இந்த இடத்தில் என்னுடைய வரிசை எல்லாம் உதவவில்லை. அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். எந்தத் திமிர் தன்னை வீட்டில் காப்பாற்றுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறாரோ, அந்தத் திமிருக்காகத்தான் அவரை அனுப்பப் போகிறார்கள். தினமும் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நாள் குறிக்கிறார்கள். அது அவருக்குக் கேட்கவில்லை.

சொல்லலாமா? அடுத்த வீட்டு விஷயம். நான் ரேடியோ மாட்டுகிறவள். சொல்லி, அது வேறு விதமாகப் போய் முடிந்தால்? செவிடி என்று தெரிந்த பிறகு நோம்பி வரைக்கும்கூடப் பொறுக்காமல் அனுப்பிவிட்டால்? ஆனால் ஊருக்கெல்லாம் தெரிந்தது அவர் ஒருவருக்கு மட்டும் தெரியாமல் இருப்பது நியாயமா?

சொன்னேன். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, அவர் என் உதட்டைப் படிக்கும்படி.

தலையைக் குனிந்து கையைப் பார்த்தார். அவர் மறுபடி என் முகத்தைப் பார்த்ததும் கேட்டேன்.

“நான் உங்க வீட்டுக்காரர்கிட்டப் பேசட்டுமா?”

“வேண்டாங்க. நானே சொல்லிப் போடறேன்.” நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஊட்டுல வேண்டாம். வண்டில சொல்றேன். அங்கதான் அவரு என்ன சொல்றாருன்னு எனக்குக் கேக்கும்.”

ஆண்கள் டீ குடித்துவிட்டு வந்தார்கள். நாச்சிமுத்து அண்ணன் வண்டியில் ஏறி, என்ஜினைக் கிளப்பி, பெருமையாக ரேடியோவைத் திருப்பினார். மயிலாத்தாள் கையை நீட்டி அதை நிறுத்தினார்.

அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “என்னங்க அம்முணி இது, புது ரேடியோவ நிறுத்தறா?”

“இருக்கட்டும்ணே. பெரிய ரோடு வழியாவே போங்க. கொஞ்சம் கத்தியே பேசுங்க.”

அவர் ஒன்றும் புரியாமல் கியரைப் போட்டார். வண்டி கடைவீதியைத் தாண்டித் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். “அவர்க்கு பாட்டு வேண்டே?” என்று வேலாயுதேட்டன் கேட்டார். நான் சாமான்களை எடுத்து வைக்க ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகு செய்தியே இல்லை. நோம்பி வந்தது. எலப்புள்ளிப் பக்கமிருந்து வந்தவர்கள் கம்பம் நட்டது, தீச்சட்டிப் பூவோடு எடுத்தது என்று என்னென்னவோ சொன்னார்கள். எனக்குத் தேவையானதை யாரும் சொல்லவில்லை. நானாக விசாரிக்கவும் வாய் வரவில்லை. ஒரு நாள் ஒரு செட்டுக்குத் தப்பான வால்வைப் போட்டுவிட்டு, ‘இன்றைக்கு உனக்கு என்ன ஆயிற்று?’ என்று அத்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நோம்பி முடிந்த மறுவாரம், அந்த பிக்கப் வாசலில் வந்து நின்றது. முதலில் இறங்கியது நாச்சிமுத்து அண்ணனுடைய அம்மா. எனக்கு முன்பின் பழக்கமில்லை. ஆனால் வருகிற வேகத்திலேயே யார் என்று தெரிந்துவிட்டது.

“ஏம்புள்ள, நீதான் ரேடியோக்காரியா? ரேடியோவ ரிப்பேரு பண்றதுன்னா ரேடியோவப் பண்ணு. என்ற மருமவ காதுல உனக்கு என்ன வேல?”

பின்னால் நாச்சிமுத்து அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மயிலாத்தாளும் வந்திருந்தார்! ஓரமாகப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடி அலமாரியில் இருந்த ரேடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் அனுப்பவில்லை. அனுப்பத்தான் கிளம்பி வந்திருக்கிறார்களோ?

“செவிடாமா செவிடு! இவஞ் சொல்றான், அவ சொன்னாளாம். அத நா நம்போணுமாம். பாட்டுப் போட்டாத் தாளம் போடறா. செவிடிக்குப் பாட்டு மட்டும் கேக்குமா? எங்கயாச்சும் உண்டா? பதில் சொல்லிரு, நா ஒத்துக்கறேன். இல்லீன்னா இப்பிடியே அவ அப்பன் ஊட்டுக்கு வண்டிய உடச் சொல்றேன்.”

அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. என்ஜினியரிங் படித்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு வாயால் பதில் சொன்னால் எடுபடாது.

அலமாரி மேலிருந்து வண்டியின் பழைய ரேடியோவை இறக்கினேன். பெஞ்சில் வைத்து, பேட்டரி கொடுத்து, ஒரு கம்பியை ஏரியலாக மாட்டினேன். வழக்கமான ரீங்காரம். பிறகு பாட்டு. “உட்காருங்கம்மா, கேளுங்க” என்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, வேண்டாவெறுப்பாகக் கேட்டார். கால் கட்டைவிரல் லேசாக ஆடியதையும் பார்த்தேன்.

பாட்டு முடிந்து பேச்சு ஆரம்பித்தது.

“என்ன புள்ள இது? என்னமோ முனகுது?”

“பேசறாங்கம்மா. என்ன பேசறாங்கன்னு சொல்லுங்க பார்ப்போம்.”

முன்னால் குனிந்தார். காதை ரேடியோவிடம் கொண்டு போனார். நெற்றியைச் சுருக்கினார். “பாட்டு நல்லாத்தான வந்துச்சு. பேச்சு வெளங்க மாட்டீங்குதே! சத்தம் வருது... வார்த்த வல்ல.”

“உங்க மருமகளுக்கு எல்லாரும் இப்படித்தான்மா பேசறாங்க. நீங்களும்.”

அந்த அம்மா ரேடியோவைப் பார்த்தார். கண்ணாடி அலமாரிப் பக்கம் திரும்பி, “மயிலா!” என்றார். அந்த முதுகு அசையவில்லை. “ஏ மயிலா!” இன்னும் கொஞ்சம் உரக்க. அசையவில்லை. கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அவர் ஒருவரைத் தவிர.

அந்த அம்மாவின் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. வருத்தம் என்று நினைத்தேன். முதலில் வந்தது அது இல்லை.

“அப்ப... இத்தன மாசமா நா வஞ்சதெல்லாம்?”

“ஒண்ணுகூட எட்டலியாமாம்மா” என்றார் நாச்சிமுத்து அண்ணன், மெதுவாக.

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட.”

“அடக் கருமமே! தொண்டத் தண்ணி வத்த வஞ்சேனேடா!”

வேலாயுதேட்டன் சிரிப்பை அடக்க பேட்டரியை ஆராயப் போய்விட்டார்.

அம்மா எழுந்து நேராக மருமகளின் முன்னால் போய் நின்றார். மோவாயைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார். அந்த வீட்டில் அந்த இரண்டு முகங்களும் அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு நேருக்கு நேராக, அதுவரை இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

“காது கேக்கலீன்னு எங்கிட்ட ஏன்டி சொல்லல?” கடைவீதிக்கே கேட்கும் குரல்.

மயிலாத்தாள் அந்த உதட்டைக் கூர்ந்து பார்த்தார். பிறகு, மரியாதை குறையாமல் சொன்னார்: “நீங்க கேக்கலீங்களே அத்தெ.”

பழைய ரேடியோ மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

அம்மாதான் முதலில் சிரித்தார். “காதுதான் போச்சு, வாயி ஒண்ணும் போகலடா இவளுக்கு!” என்று மகனிடம் சொன்னார். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பன் வீட்டுப் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

அன்றைக்குக் கோயமுத்தூருக்கு, காது டாக்டரிடம் போனார்கள். போனது முழுக்கத் திரும்பி வராது. இருப்பதைக் காப்பாற்றலாம், முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசுங்கள் என்றாராம் டாக்டர். நிதானமாக என்பதை மட்டும் அந்த அம்மா விட்டுவிட்டார். இப்போதெல்லாம் அந்த வீட்டில் உப்புத் தீர்ந்தால் எலப்புள்ளி முழுக்கத் தெரிந்துவிடுகிறது என்று கேள்வி.

யோசித்துப் பார்க்கிறேன். காதில் விழுவதற்கும் கேட்பது என்கிறோம். சொன்னபடி நடப்பதற்கும் கேட்பது என்கிறோம். இன்னொருவரிடம் விசாரிப்பதற்கும் அதே கேட்பதுதான். நம் வீடுகளில் ‘சொன்னால் கேட்பதில்லை’ என்று தினமும் எத்தனை பேரைச் சொல்கிறோம்! அவர்களிடம் போய், ஏன் என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ரேடியோ போடுவதே இல்லை என்று நாச்சிமுத்து அண்ணன் சொன்னதும், தகடு வெட்டிய வேலாயுதேட்டனுக்கு மனசு பொறுக்கவில்லை. “எந்தே? பாட்டு கேக்கிணில்லே?”

“பாட்டுப் போட்டா நா பேசறது அவளுக்கு எட்டாதுங்க ஏட்டா. அதான் நிறுத்தியே வெச்சிருக்கோம்.” வண்டியில் ஏறிக்கொண்டே சொன்னார்: “பாட்டுக் கெடக்குது உடுங்க. இப்பச் சம்சாரம் நல்லாக் கேக்குது!”

எந்த மொழியில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.